கண்டம் தாண்டுற கார் ரெக்கார்டுகள்: நேரம் எல்லாம் எங்க போகுது?

1987 செப்டம்பர் கடைசில கனடாக்காரர் கேரி சோவர்பியும் அமெரிக்க எழுத்தாளர் டிம் காஹிலும் அர்ஜென்டினாவோட தெற்கு கோடில இருக்குற உஷுவாயாவுல ஒரு ஜிஎம்சி சியரா பிக்கப்ப கிளப்பி, அலாஸ்காவோட வடக்கு கோடி ப்ரூடோ பே வரைக்கும் 23 நாள் 22 மணி 43 நிமிஷத்துல போய் சேர்ந்தாங்க. 2011ல ஜெர்மனிக்காரர் ரெய்னர் ஸீட்லோ தன்னோட டீமோட ஃபோக்ஸ்வேகன் டூவாரெக்ல அதே ரெண்டு கோடிக்கும் நடுவுல எடுத்துகிட்டது 11 நாள் 17 மணி 22 நிமிஷம். பாதிக்கும் கம்மி.

இத படிச்ச உடனே எல்லாரும் சொல்றது "புது காரு, ஸ்பீடு ஜாஸ்தி"ன்னு. ஆனா கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. 1987ல ஓடின தூரம் கிட்டத்தட்ட 23,700 கி.மீ. அத 574 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 41 கி.மீ தான் வருது. ரெண்டு பேரு ராத்திரி பகலா மாத்தி மாத்தி ஓட்டி, பின்னாடி படுத்து தூங்கி, சாப்பாட்டையும் வண்டிக்குள்ளயே முடிச்சு, அப்புறமும் 41. அந்த பிக்கப் அசால்ட்டா நூத்துக்கு மேல போற வண்டி. அப்ப மிச்ச நேரம் எங்க போச்சு? இந்த மாதிரி பயணங்கள பத்தி பேசுறப்ப நாம பார்க்க வேண்டிய கேள்வியே இதுதான், ஆனா நியூஸ்ல வர்றதெல்லாம் எத்தன ஹார்ஸ்பவர், எத்தன டயர் மாத்தினாங்க, எத்தன கப் காபி குடிச்சாங்க, இதோட முடிஞ்சிடும்.

பெரும்பகுதி போறது பார்டர்ல. மத்திய அமெரிக்காவுல பனாமால இருந்து மெக்சிகோ வரைக்கும் ஒரு பக்கமா ஒட்டிகிட்டு ஆறு ஏழு குட்டி நாடு, காலைல ஒரு பார்டர், மதியம் ஒரு பார்டர்னு வந்துகிட்டே இருக்கும். ஒவ்வொரு பார்டர்லயும் என்ன நடக்கும்னா, முதல்ல வெளிய போற நாட்டோட இமிகிரேஷன்ல பாஸ்போர்ட்ல முத்திரை, அப்புறம் அதே நாட்டு கஸ்டம்ஸ்ல போய் "இந்த வண்டிய நான் இங்க விக்கல, திரும்ப எடுத்துட்டு போறேன்"னு உள்ள வரும்போது கொடுத்த தற்காலிக இறக்குமதி பேப்பர ரத்து பண்ணணும், சேசிஸ் நம்பர் சரியா இருக்கான்னு பார்ப்பாங்க. அந்த பக்கம் போனா டயருக்கு பூச்சி மருந்து அடிப்பாங்க, அதுக்கு தனி ரசீது. மறுபடி இமிகிரேஷன், மறுபடி கஸ்டம்ஸ், புது பேப்பர், இன்சூரன்ஸ், ஃபீஸ் கட்ட வேற ஜன்னல், கட்டின ரசீத ஜெராக்ஸ் எடுக்க ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கடை, முத்திரை குத்தினதுக்கு அப்புறம் அந்த முத்திரையோட திரும்ப ஒரு ஜெராக்ஸ். நடுவுல ஆபீசர் சாப்பிட போயிட்டார்னா போச்சு. சாயங்காலம் கேட் மூடிட்டா மறுநாள் காலைல தான். இதுக்காகவே அங்க ட்ராமிடடோர்னு ஒரு புரோக்கர் கூட்டம் நிக்கும், நம்ம ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல நிப்பாங்களே அதே ரகம்.

சோவர்பியோட திறமை ஸ்டீயரிங்ல இருந்தத விட இங்க தான் ஜாஸ்தி இருந்துச்சுன்னு நான் சொல்வேன். கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஊர்களுக்கு போய் அதிகாரிங்கள பார்த்து பேசி, எந்த பேப்பர் வேணும், யாரு கையெழுத்து செல்லும், எந்த கேட் எத்தன மணிக்கு திறக்கும்னு எல்லாத்தையும் விசாரிச்சு வச்சுகிட்டு வந்தவரு. வண்டில ஸ்பான்சர் கொடுத்த, கெட்டுப்போகாத மில்க்‌ஷேக் பாக்கெட் நிறைய அடுக்கி வச்சிருந்தாங்க, அவங்களுக்கு சாப்பாடும் அதுதான், செக்போஸ்ட்ல நிக்கிறவங்களுக்கு நட்பா நீட்டுறதும் அதுதான். இத்தனைக்கும் அது 1987, நிகராகுவாவுல கான்ட்ரா கிளர்ச்சிக்காரங்களோட சண்டை, எல் சால்வடார்ல உள்நாட்டு போர், துப்பாக்கியோட நிக்கிற பையன் எந்த கட்சின்னு தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது. கடைசில அலாஸ்காவுல டால்டன் ஹைவே இருக்கு, எண்ணெய் பைப்லைனுக்காக 1974ல போட்ட 666 கி.மீ ரோடு, அது முழுசா பொதுமக்களுக்கு திறந்ததே 1994ல தான். அதாவது 1987ல கடைசி துண்டுக்கும் அனுமதி வாங்கித்தான் ஆகணும்.

நடுவுல ஒரு இடத்துல ரோடே கிடையாது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவுல டேரியன் கேப், சுமார் 100 கி.மீ காடும் சதுப்பும். யாரு ரெக்கார்டு ஓட்டினாலும் இங்க வண்டிய கப்பல்லயோ விமானத்துலயோ ஏத்தித்தான் தாண்டுறாங்க. ஓட்டியே தாண்டணும்னு கிளம்பினவங்க கதை தனி. 1960ல ஒரு லேண்ட் ரோவரும் ஒரு ஜீப்பும் பனாமாவோட செபோல இருந்து கிளம்பி கொலம்பியாவோட கிப்டோ போய் சேர 136 நாள் ஆச்சு, சராசரி வேகம் மணிக்கு 201 மீட்டர். கிலோமீட்டர் இல்ல, மீட்டர். அந்த லேண்ட் ரோவருக்கு அவங்க வச்ச பேரு "பாசமான கரப்பான்பூச்சி". அப்புறம் 1985ல லோரன் அப்டன், பாட்டி மெர்சியர்னு ரெண்டு அமெரிக்கர்கள் ஒரு படகுல கூட ஏத்தாம முழுக்க தரை வழியாவே ஜீப்ப கொண்டு போறோம்னு இறங்கி, சுமார் 200 கி.மீக்கு 741 நாள் எடுத்துகிட்டாங்க. இதுவும் ரெக்கார்டு தான். எனக்கு 11 நாள் ரெக்கார்ட விட இது தான் பிடிச்சிருக்கு, ஆனா அது ருசி விஷயம்.

அடுத்தது கடிகாரம். எந்த ரெக்கார்டா இருந்தாலும் கேட்க வேண்டியது, கடல் தாண்டுறப்ப கடிகாரம் ஓடுதா நிக்குதா? இத பார்க்காம ரெண்டு ரெக்கார்ட பக்கத்துல வச்சு ஒப்பிட்டா ஏமாந்துடுவோம். சோவர்பி இதுக்கு முன்னாடி 1980ல கென் லாங்லியோட ஒரு வோல்வோ 245 ஸ்டேஷன் வேகன்ல டொராண்டோல கிளம்பி உலகத்த சுத்தி டொராண்டோக்கே திரும்பினாரு, செப்டம்பர் 6ல இருந்து நவம்பர் 19 வரைக்கும், 74 நாள் 1 மணி 11 நிமிஷம், 43,030 கி.மீ. தேதிய எண்ணி பாருங்க, முழுசா 74 நாள் வரும். அதாவது வண்டி விமானத்துல இருந்த நேரம், கஸ்டம்ஸ் குடோன்ல கிடந்த நேரம் எல்லாமே கணக்குல தான்.

இந்த இடத்துல தான் கல்கத்தா தம்பதி சலூ சௌத்ரியும் நீனா சௌத்ரியும் வர்றாங்க. 1989 செப்டம்பர் 9ல டெல்லில கிளம்பி, ஆறு கண்டம் தொட்டு, பூமத்திய ரேகையோட நீளமான 40,075 கி.மீக்கு மேல ரோட்டுல ஓட்டி, நவம்பர் 17 டெல்லி திரும்பினாங்க. 69 நாள் 19 மணி 5 நிமிஷம். கின்னஸ்ல அந்த பதிவு "1989லயும் 1991லயும் இருந்த விதிகளின்படி"ங்கிற வாசகத்தோட தான் இருக்கு, ஏன்னா விதி மாறினா ஆட்டமே வேற. வண்டி என்னன்னு பார்த்தீங்களா? இந்துஸ்தான் மோட்டார்ஸோட கான்டெஸா கிளாசிக்! உத்தர்பாராவுல அம்பாசடர் செஞ்ச அதே ஃபேக்டரில வந்தது, பாடி 70கள்ல இங்கிலாந்துல ஓடின பழைய வாக்ஸால், உள்ள இசுசு 1.8 லிட்டர் இன்ஜின். நம்ம ஊர்ல 80, 90கள்ல அரசியல்வாதிகளும் கல்யாண வீட்டுக்காரங்களும் வச்சிருந்த அந்த நீளமான காரு தான். நாளுக்கு சராசரி போட்டா வோல்வோவுக்கு 581 கி.மீ, கான்டெஸாவுக்கு குறைஞ்சபட்சம் 574 கி.மீ. கிட்டத்தட்ட ஒண்ணு. ஸ்வீடன் கம்பெனி வோல்வோவும் உத்தர்பாரா கான்டெஸாவும் ஏறக்குறைய ஒரே வேகத்துல உலகத்த சுத்தியிருக்குன்னா, வேகத்த முடிவு பண்ணினது காரு இல்லன்னு இதவிட தெளிவா எப்படி சொல்றது.

அந்த கார எல்லை தாண்டி எடுத்துட்டு போறதுக்கு கார்னெட்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, காருக்கு பாஸ்போர்ட்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு தாளும் மூணு துண்டா இருக்கும், உள்ள போறப்ப ஒரு துண்டு, வெளிய வர்றப்ப ஒரு துண்டு கிழிச்சுக்குவாங்க, மூணாவது உங்க கையில ரெண்டு முத்திரையோட தங்கும். வெளிய வந்த முத்திரை இல்லாம போச்சுன்னா நீங்க அந்த நாட்டுல கார வித்துட்டதா அர்த்தம், அதுக்கு சுங்க வரி கட்டணும். இத கொடுக்குறது அந்தந்த நாட்டு ஆட்டோமொபைல் அசோசியேஷன், அவங்க உங்ககிட்ட முன்கூட்டியே பேங்க் கேரண்டி வாங்கி வச்சுக்குவாங்க, சில நாடுகளுக்கு போறதா இருந்தா கார் விலையவே தாண்டின தொகை கேட்பாங்க. இந்த மாதிரி பயணம் பணக்காரங்க, கம்பெனி ஸ்பான்சர் இருக்குறவங்க கையிலேயே சுத்துறதுக்கு பெட்ரோல் செலவ விட இது பெரிய காரணம்.

ஆனா எப்பவும் இப்படி இல்ல. ஆரம்பத்துல பிரச்சினை பேப்பர் இல்ல, ரோடே இல்லாதது. 1907ல பாரிஸ் பத்திரிகை லெ மாதென் "பீக்கிங்ல இருந்து பாரிஸ்க்கு கார்ல வர யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டது (பீக்கிங்னா இன்னிக்கு பெய்ஜிங்), ஜூன் 10ம் தேதி அஞ்சு வண்டி கிளம்புச்சு. இத்தாலி இளவரசர் சிபியோனே போர்கேஸெயோட இட்டாலா கார், மெக்கானிக் எட்டோரே குயிட்சார்டி, கூட பத்திரிகைக்காரர் லூயிஜி பார்ட்சினி. பீக்கிங்குக்கு வடக்க மலைய தாண்ட கார்கள ஆளுங்க கயிறு கட்டி இழுத்தாங்க. கோபி பாலைவனத்துல பெட்ரோல் முன்னாடியே ஒட்டகத்துல போய் தந்தி ஆபீஸ்கள்ல காத்துகிட்டு இருந்துச்சு, வழி கண்டுபிடிக்கவும் தந்தி கம்பம் தான் கதி. பாலைவனத்து நடுவுல போங் கியோங்னு ஒரு தந்தி ஆபீஸ்ல பார்ட்சினி செய்தி அனுப்ப போனா, தந்தி மேல நம்பர் 1னு போட்டிருக்கு. இன்னிக்கு முதல் தந்தியான்னு கேட்டாராம். இல்ல, இந்த ஆபீஸ் திறந்து ஆறு வருஷத்துல இதுதான் முதல்! சைபீரியாவுல பாலம் உடைஞ்சு கார் கீழ விழுந்துச்சு, ரோடு மோசமா இருந்த இடத்துல ரயில் தண்டவாளத்து மேல ஓட்டினாங்க, ரஷ்யாவுல சக்கரம் நொறுங்கினப்ப கிராமத்து வண்டி தச்சர் ஒருத்தர் கோடாலிய வச்சே புது சக்கரம் செதுக்கி கொடுத்தாரு, அதுல ஓடித்தான் மிச்ச தூரம். ஆகஸ்ட் 10 பாரிஸ். நடுவுல மாஸ்கோல இருந்து விருந்துக்காக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரைக்கும் வேற சுத்திட்டு போயிருக்காரு இளவரசர், அவ்வளவு முன்னால இருந்தாரு. போட்டில இருந்த ஸ்பைக்கர் கார் டிரைவர் ஷார்ல் கோடார் நேர் எதிர், கையில காசே இல்லாம, ஸ்பேர் டயர்கள வித்து பீக்கிங் போக கப்பல் டிக்கெட் எடுத்த ஆளு.

இருபது வருஷம் கழிச்சு ஜெர்மனியோட க்ளேரனோர ஸ்டின்னஸ். 1927 மே 25ல ஃபிராங்க்ஃபர்ட்ல ஒரு சாதாரண ஆட்லர் காரோட கிளம்பினப்ப அந்தம்மாவுக்கு 26 வயசு. கூட ஸ்வீடன் கேமராமேன் கார்ல் ஆக்ஸல் ஸோடர்ஸ்ட்ரோம், அதோட ஒரு லாரியும் ரெண்டு மெக்கானிக்கும், மெக்கானிக்குங்க வழிலயே கழண்டுகிட்டாங்க. சைபீரியாவுல பைக்கால் ஏரி உறையிற வரைக்கும் காத்திருந்து, ஐஸ் மேலயே கார ஓட்டி தாண்டினாங்க. தென் அமெரிக்காவுல ஆண்டீஸ் மலைல பாறைய டைனமைட் வச்சு உடைச்சு வழி பண்ணி, கயிறும் கப்பியும் வச்சு கார இழுத்து ஏத்தினாங்க. 1929 ஜூன்ல பெர்லின் திரும்பினப்ப கிட்டத்தட்ட 47,000 கி.மீ. கார்லயே உலகத்த சுத்தின முதல் ஆளுன்னு பொதுவா சொல்றது இவங்களத்தான். அடுத்த வருஷம் அந்த கேமராமேனையே கல்யாணம் பண்ணிகிட்டாங்க, ரெண்டு வருஷம் ஒரே கார்ல இருந்தும் சண்ட போட்டு பிரியலன்னா வேற என்ன பொருத்தம் பார்க்கணும்.

ரோடு ஓரளவு வந்து, அரசியல் இன்னும் கதவ சாத்தாத காலம்னு ஒண்ணு நடுவுல இருந்துச்சு, 1950கள்ல இருந்து 1979 வரைக்கும். 1955 செப்டம்பர்ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பசங்க ஆறு பேரு ரெண்டு லேண்ட் ரோவர்ல லண்டன்ல கிளம்பி, இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கர்கள் அசாம்ல இருந்து பர்மாவுக்குள்ள போட்ட ஸ்டில்வெல் ரோடு வழியா புகுந்து 1956 மார்ச்ல சிங்கப்பூர் சேர்ந்தாங்க. 1968ல லண்டன் சிட்னி மாரத்தான்ல 98 கார் கலந்துகிட்டு, பாரிஸ், இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், கைபர் கணவாய், டெல்லி, பம்பாய்னு பறந்துச்சு, பம்பாய்ல இருந்து கப்பல்ல ஆஸ்திரேலியா. கடைசி நாள் வரைக்கும் முன்னால இருந்த லூசியன் பியாங்கி கார் சிட்னிக்கு கொஞ்ச தூரம் முன்னாடி எதிர்ல வந்த காரோட மோத, ஆண்ட்ரூ கோவன் ஒரு சாதாரண ஹில்மன் ஹண்டர்ல ஜெயிச்சாரு. இன்னிக்கு அந்த ஊர் பேர வரிசையா படிச்சு பாருங்க, தெஹ்ரான், காபூல், கைபர், டெல்லி. 1979ல ஈரான் புரட்சி, அதே வருஷக் கடைசில ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை. ரோடு அப்படியே தான் இருக்கு, ரோட்டுல போறதுக்கான உரிமை தான் போச்சு.

அதனால தான் இந்தியால இருந்து ஐரோப்பாவுக்கு ஓட்டணும்னா பாகிஸ்தான் பக்கம் நேரா போறத விட்டுட்டு, கிழக்க போய் சுத்த வேண்டியிருக்கு. 2017ல கோயம்புத்தூர்ல இருந்து பெண்கள் சிலர் டாடா ஹெக்ஸாவுல லண்டன் போனதும் மியான்மர், சீனா வழியா தான், மேற்க போக கிழக்க கிளம்பி. இந்த வழிக்கு வழக்கமான வாசலா இருந்தது மணிப்பூர்ல இருக்குற மோரே. அந்த ஊர்ல தமிழ் காதுல விழுந்தா ஆச்சரியப்படாதீங்க, 1960கள்ல பர்மாவ விட்டு வந்து, திரும்ப அங்கயே போக முடியாம எல்லைலயே தங்கிட்ட தமிழ் குடும்பங்கள் இருக்காங்க, அங்காள பரமேஸ்வரி கோயில் கூட இருக்கு. 2021ல மியான்மர்ல ராணுவம் ஆட்சிய பிடிச்சதுக்கு அப்புறம் அந்த வாசலும் கார் பயணத்துக்கு நம்பி கிளம்புற மாதிரி இல்ல. 1955ல போன ஆக்ஸ்ஃபோர்டு லேண்ட் ரோவர் 2019ல சிங்கப்பூர்ல இருந்து லண்டனுக்கு திரும்ப ஓடுச்சு, ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா மியான்மர் வழி நடந்திருக்காது.

கடிகாரத்தையே தூக்கி போட்டவங்களும் இருக்காங்க, அவங்கள பத்தி ரெண்டு வார்த்தை. ஸ்விட்சர்லாந்து தம்பதி எமில், லிலியானா ஷ்மிட் 1984ல ஒரு டொயோட்டா லேண்ட் க்ரூஸர்ல கிளம்பினவங்க, 7 லட்சம் கி.மீக்கு மேல ஓட்டி கின்னஸ்ல இருக்காங்க. ஜெர்மனியோட குந்தர் ஹோல்டோர்ஃப் 88 ஹார்ஸ்பவர் டீசல் மெர்சிடிஸ் ஜி வேகன்ல 2014 வரைக்கும் கிட்டத்தட்ட 9 லட்சம் கி.மீ, வட கொரியா உட்பட. அந்த கார் பேரு ஓட்டோ, இப்ப ஸ்டுட்கார்ட்ல மெர்சிடிஸ் மியூசியத்துல நிக்குது. இவங்களுக்கு பார்டர்ல மூணு நாள் நின்னா மூணு நாள் தூங்குற மாதிரி.

திரும்ப வேகத்துக்கே வருவோம், ஏன்னா ஆப்பிரிக்கா வழி தான் இதுல ரொம்ப கத்துக்கொடுக்குது. 1984ல சோவர்பியும் லாங்லியும் ஜிஎம்சி சபர்பன்ல தென்னாப்பிரிக்காவோட தெற்கு முனை கேப் அகுல்ஹாஸ்ல இருந்து நார்வேயோட வடக்கு முனை நோர்ட்காப் வரைக்கும் 28 நாள் 13 மணி 10 நிமிஷம். வடக்கு கென்யாவுல கொள்ளைக்காரங்க சுட்டு, வண்டில குண்டு பாஞ்சும் நிறுத்தாம ஓட்டி தப்பிச்சாங்க. 2014ல ஸீட்லோ டீம் அதே ரெண்டு முனைக்கு நடுவுல 9 நாள் 4 மணி 9 நிமிஷம். மூணுல ஒரு பங்கு. இந்த முப்பது வருஷத்துல கென்யா, எத்தியோப்பியா, சூடான் பக்கம் தார் ரோடு நிறைய வந்துச்சு, அது ஒரு காரணம். அதவிட கவனிக்க வேண்டியது சூடான், எகிப்து எல்லை. ரொம்ப காலமா அங்க தரை வழியா கார் போக விட மாட்டாங்க, வாடி ஹால்ஃபாவுல இருந்து அஸ்வானுக்கு நாசர் ஏரி மேல வாரத்துக்கு ஒரு ஃபெர்ரி, ஆளு ஃபெர்ரில, காரு தனியா சரக்கு படகுல, அது எப்ப வரும்னு கடவுளுக்கு தான் தெரியும். 9 நாள் கணக்குல இதுக்கு ஏது இடம்? குஸ்துல்ல தரை வழி கேட் திறந்ததே 2014 ஆகஸ்ட்ல தான்.

இப்ப ஒருத்தர் அகுல்ஹாஸ்ல நின்னுகிட்டு வடக்க பார்த்தா, 2023 ஏப்ரல்ல இருந்து சூடான்ல போர், அந்த வழி நம்பி கிளம்புற மாதிரி இல்ல. மேற்கு கரை வழியா அங்கோலா, ரெண்டு காங்கோ, கேமரூன், நைஜீரியான்னு போகலாம், தூரம் ஜாஸ்தி, விசா வரிசை ஜாஸ்தி, மழைக்காலத்துல நடுவுல சில துண்டு ரோடு சேறு. வண்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த 9 நாள் கணக்க அந்த பழைய வழில தொட்டு பார்க்கணும்னா, முதல்ல சூடான்ல போர் நிக்கணும்.